டேவ் ஓடுவான், ஆனா காப்பி பண்ணிக் கொடுக்கலாமா?

கீழப்பாவூர்ல இருந்து ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்குதாம். அதில் லினக்ஸ் போட்டு, ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல விளையாடின 'டேஞ்சரஸ் டேவ்' கேமை ஓட்டணும், தெருப் பசங்களுக்கும் காப்பி பண்ணிக் கொடுக்கணும். முடியுமா?

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஓடுமா? கொடுக்கலாமா?

ஓடுமான்னா, ஓடும். 2011-ல் அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்போ வந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது. நம்மில் பலர் அந்தப் பக்கமே போகல, அது வேற கதை. டேவ், 1990-ல் வந்த டாஸ் கேம். 16 பிட் புரோகிராம் என்பதால் 64 பிட் விண்டோஸ் அதை ஏத்துக்காது. அதுக்குத்தான் டாஸ்பாக்ஸ். பழைய கம்ப்யூட்டரோட பிராசசர், சவுண்ட் கார்டு எல்லாத்தையும் மென்பொருளாகவே நடிச்சுக் காட்டும். கேம் தலைதெறிக்க ஓடினா கன்ட்ரோலோட எஃப்11 அழுத்துங்க, வேகம் குறையும்.

இப்போ கஷ்டமான கேள்வி. டேவை எழுதினவர் ஜான் ரொமேரோ. 1993-ல் 'டூம்' செய்த குழுவிலும் அவர் இருந்தார். அந்த டூமோட மூல நிரலை 1997-ல் வெளியிட்டாங்க. 1999-ல் அது ஜிபிஎல் உரிமத்துக்கு மாறிச்சு. யார் வேணும்னாலும் எடுத்து, திருத்தி, பகிரலாம். ஆனா கவனிங்க: கொடுத்தது புரொஜெக்டரை மட்டும்தான், படச்சுருளை இல்ல. லெவல்கள், படங்கள், இசை எல்லாம் இன்னைக்கும் காப்புரிமையில்தான் இருக்கு. அதனால தன்னார்வலர்கள் அதையெல்லாம் புதுசா வரைஞ்சு, இசையமைச்சு, 'ஃபிரீடூம்' செஞ்சாங்க. அசலைவிட கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனா யாருகிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம்.

கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா அது ஓப்பன் சோர்ஸ்னு நினைச்சுடாதீங்க. 1989-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வோட நிரலை ஜோர்டன் மெக்னர் 2012-ல் கிட்ஹப்ல போட்டார். படிக்கலாம், ரசிக்கலாம். கேமோட உரிமை யூபிசாஃப்ட்கிட்டதான் இருக்கு.

டேவும் அப்படித்தான். எத்தனையோ தளங்கள்ல டவுன்லோடு ஆகுது, ஆனா டவுன்லோடு ஆகுறது அனுமதி ஆகாது. டூம் மாதிரி சுதந்திர உரிமத்துல அதை யாரும் விடல. அண்ணாச்சி, நீங்க ஒருத்தர் பழைய ஞாபகத்துக்கு விளையாடுறதை யாரும் தேடி வரப் போறதில்ல. ஆனா தெருவுக்கே கொடுக்கணும்னா, டெபியன் லினக்ஸ்ல 'சூப்பர்டக்ஸ்' போடுங்க. டேவ் மாதிரியே தாவித் தாவிப் போற கேம், ஹீரோ ஒரு பென்குயின். ஃபிரீடூம்ல துப்பாக்கி, ரத்தம் எல்லாம் உண்டு, அதனால சின்னப் பசங்களுக்கு வேண்டாம். சூப்பர்டக்ஸை பென்டிரைவ்ல போட்டு பாவூர்சத்திரம் வரைக்கும் கொடுத்துட்டு வாங்க.