விரல் யாருக்குச் சொந்தம்?

‘கைநாட்டு’ என்னும் சொல்லுக்கு நம் ஊர்களில் இருந்த பொருளை மூத்தோர் அறிவர். எழுதப் படிக்கத் தெரியாதவரை ஏளனமாகக் குறிக்க அச்சொல் வழங்கிற்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மை தோய்ந்த பெருவிரலை நீட்டியவர் கூனிக் குறுகி நின்றார். முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து தம் பெயரை எழுதக் கற்றவர், அன்று முதல் தலைநிமிர்ந்து கையொப்பமிட்டார். இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. பொறியியல் பட்டதாரியும், மருத்துவரும், பேராசிரியரும் காலையில் பணியிடத்தின் வாயிலில் நின்று ஒரு சிறு கண்ணாடித் தட்டின்மேல் விரலை வைக்கிறார்கள். அல்லது ஒரு காமிராவின் முன் முகத்தைக் காட்டுகிறார்கள். இயந்திரம் ஒப்புக்கொண்டால் கதவு திறக்கும். இல்லையேல் மூடியே கிடக்கும்.

உடலின் அடையாளத்தைக் கொண்டு ஆளை அறியும் இம்முறையைப் ‘பயோமெட்ரிக்’ என்கிறார்கள். நம் இல்லங்களிலிருந்து வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுள் பலர் நாள்தோறும் இதற்கு உட்படுகின்றனர். ஆகவே, இதன் நன்மை யாது, தீமை யாது என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

பிறந்த இடம் வங்காளம்

1858ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்கான பொருள்களை வழங்குமாறு ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ‘இது என் கையெழுத்தன்று’ எனப் பின்னாளில் அவர் மறுத்துவிடலாகாது என்று கருதி, அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிக்கச் செய்தார். பின்னர் 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எனினும், அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயரே அம்முறைக்கு நிலைத்தது.

வேலை கொடுப்பவர் வேலை ஏற்பவரின் சொல்லை நம்ப மனமில்லாத இடத்தில் இம்முறை தோன்றியது என்பதை நினைவிற் கொள்வோமாக.

இயங்கும் விதம்

விரல் நுனியில் உள்ள வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்பதை இயந்திரம் குறித்துக்கொள்கிறது. அக்குறிப்புகளை எண்களாக்கிச் சேமித்து வைக்கிறது. மறுநாள் அதே விரலை வைக்கும்போது, புதிய குறிப்பையும் பழைய குறிப்பையும் ஒப்பிட்டு, ஒற்றுமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கதவைத் திறக்கிறது. உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரட்டைப் பிள்ளைகளுக்குங்கூட விரல் ரேகை வேறுபடும் என்பதே இம்முறைக்கு ஆதாரம்.

ஆயினும், இயந்திரம் காண்பது ஒற்றுமையின் அளவை மட்டுமே. அந்த அளவை மிக உயர்த்தி வைத்தால், உரியவரே வெளியே நிற்க நேரிடும். தாழ்த்தி வைத்தால், அயலார் உள்ளே நுழையக்கூடும். இவ்விரு தவறுகளும் அறவே இல்லாத இயந்திரம் கிடையாது.

நன்மைகள் சில உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சாவி தொலையும்; அடையாள அட்டை இரவல் போகும். வேலைக்கு வராமலே நண்பரைக் கொண்டு வருகையைப் பதிவு செய்யும் வழக்கமும் உண்டு. அதனால் நேர்மையாக உழைப்பவருக்கே அநீதி. ஆபத்தான மருந்துகளும் வெடிபொருள்களும் உள்ள அறைக்குள் கண்டவரெல்லாம் நுழையலாகாது. தொழிற்சாலையில் தீப்பற்றினால், உள்ளே இருப்போர் எத்தனை பேர் என்பதை உடனே அறிய வேண்டும்.

குறைகள்

இயந்திரத்தை ஏமாற்ற இயலாது என்பது உண்மையன்று. 2002இல் ஜப்பானியப் பேராசிரியர் சுடோமு மட்சுமோட்டோ, சமையலுக்குப் பயன்படும் ஜெலட்டினைக் கொண்டு போலி விரல் செய்து, பல கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2013இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ மாநிலத்தில், பணிக்கு வராத சக மருத்துவர்களுக்காகச் சிலிக்கோன் விரல்களை வைத்து வருகை பதிவு செய்ததாக ஒரு மருத்துவர் பிடிபட்டார். நேர்மையைப் புறக்கணிக்கத் துணிந்தவர் வழி கண்டுபிடித்துவிடுகிறார்.

நேர்மையாளரோ சில வேளை வெளியே நிற்கிறார். செங்கல்லும் சிமெண்டும் சுமந்த கொத்தனாரின் விரலில் வரிகள் தேய்ந்துபோகின்றன. முதுமையிலும் ரேகை மங்குகிறது. உழைப்பே அவர்களுடைய அடையாளத்தை அழித்துவிட, இயந்திரம் அவர்களை ஏற்க மறுக்கிறது.

மூன்றாவது குறை இன்னும் பெரிது. சாவி களவு போனால் பூட்டை மாற்றலாம். விரல் ரேகை களவு போனால் விரலை மாற்ற இயலுமா? 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து ஏறக்குறைய 56 லட்சம் பேருடைய கைரேகைகள் திருடப்பட்டன. அவை அவர்களுடைய ஆயுள் முழுவதும் பிறர் கையில் இருக்கக்கூடியவை.

ஒரு தொழிலாளியின் மறுப்பு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இம்பில் என்ற ஊரில் ஒரு மர அறுப்பாலை இருக்கிறது. அங்கே விரல் ரேகைக் கருவி அமைக்கப்பட்டபோது, தொழிலாளி ஒருவர் தம் ரேகையைத் தர மறுத்தார். நிறுவனம் சொன்ன காரணம் பாதுகாப்பும் சம்பளக் கணக்கும். அவரோ, ‘என் ரேகை எனக்குரியது, அது எங்கே, யாரிடம் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை’ என்று வாதிட்டார், வழக்கமான வருகைப் புத்தகத்தில் தொடர்ந்து கையொப்பமிட்டார். 2018 பிப்ரவரியில் அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

முதல் விசாரணையில் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. அவர் சோர்ந்துவிடாமல் மேல்முறையீடு செய்தார். 2019 மே 1ஆம் நாள் ஆஸ்திரேலியத் தொழில் ஆணையத்தின் முழு அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ரேகை தரும்படி இட்ட கட்டளை தனியுரிமைச் சட்டத்திற்கு முரணானது. வேலை போய்விடும் என்ற அச்சுறுத்தலின்கீழ் பெறும் சம்மதம் உண்மையான சம்மதமாகாது என்பது அதன் சாரம்.

ஒரு சாதாரணத் தொழிலாளி எழுப்பிய இக்கேள்வி வேறு நாடுகளிலும் எழுந்துள்ளது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், எழுத்து மூலமான சம்மதமின்றி ஒருவருடைய ரேகையைப் பெறலாகாது என 2008இலேயே சட்டம் செய்தது. அங்கே சரக்கு லாரி ஓட்டுநர்களிடம், ரயில் நிலையச் சரக்கு வளாகத்தின் வாயிலில் அத்தகைய சம்மதமின்றி ரேகை பெறப்பட்டதாக வழக்கு எழுந்தது. பி.என்.எஸ்.எஃப். ரயில்வே நிறுவனம் 2024இல் 7 கோடியே 50 லட்சம் டாலர் தர உடன்பட்டு அவ்வழக்கை முடித்துக்கொண்டது. பிரிட்டனில் செர்கோ லெஷர் நிறுவனம், 38 இடங்களில் 2,000க்கு மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் விரலையும் கொண்டு வருகை பதிவு செய்ததை நிறுத்துமாறு, 2024 பிப்ரவரியில் தகவல் ஆணையர் உத்தரவிட்டார். அடையாள அட்டையே போதுமான இடத்தில் உடலைக் கேட்பானேன் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

நம் நாட்டில்

2014 முதல் மத்திய அரசு அலுவலகங்களில் ஆதார் வழி வருகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றுக்கு அஞ்சி அது நிறுத்தி வைக்கப்பட்டது, பின்னர் மீண்டது. அந்த இடைவெளியில் பழைய வருகைப் பதிவேடே கைகொடுத்தது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும், 2023இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் சம்மதமின்றியும் அவர் விவரங்களைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. குயின்ஸ்லாந்துத் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது என்பதை இதனால் அறியலாம்.

ஆகவே, வேலையில் சேரும் பிள்ளைகள் பணிவோடும் துணிவோடும் சில கேள்விகளைக் கேட்கட்டும். என் ரேகை எங்கே வைக்கப்படுகிறது? வேறு யாருக்கேனும் தரப்படுமா? நான் வேலையை விட்டு விலகும் நாளில் அது அழிக்கப்படுமா? இயந்திரம் என்னை ஏற்காத நாளில் என் கூலிக்கு என்ன வழி? இக்கேள்விகளைத் தனியொருவர் கேட்பதினும், உடன் உழைப்போர் சேர்ந்தோ சங்கத்தின் மூலமோ கேட்பது சிறந்தது.

நம் வாசகர்களுள் கடையும் பட்டறையும் பள்ளியும் நடத்துவோரும் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவி வாங்கும் முன்பு, பூட்டும் சாவியும் பதிவேடும் போதாதா என்று எண்ணிப் பாருங்கள். போதாதெனில், விரல் தர இயலாதவருக்கும் விரும்பாதவருக்கும் வேறொரு வழி வையுங்கள். இருபது ஆண்டு உழைத்துத் தேய்ந்த விரலோடு ஒருவர் வாயிலில் நிற்கும்போது, இயந்திரம் மறுத்தாலும் அவரைப் பெயர் சொல்லி உள்ளே அழைக்க ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும்.