துப்பாக்கி உரிமம் (செங்கல்பட்டு மாவட்டம்)

துப்பாக்கி உரிமம் என்பது கைத்துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கி போன்ற சுடுகலன்களையும் அவற்றின் தோட்டாக்களையும் வாங்கவும், வைத்திருக்கவும், எடுத்துச் செல்லவும் தனிநபர் ஒருவருக்கு அரசு அளிக்கும் எழுத்துப்பூர்வமான அனுமதியாகும். இந்தியாவில் இது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் (ஆயுதச் சட்டம் என்றும் வழங்கப்படும்), 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் ஆகியவற்றின்கீழ் வழங்கப்படுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி வைத்திருப்பதும் அதை மறைத்து எடுத்துச் செல்வதும் வெவ்வேறு அனுமதிகள். இந்தியாவில் இவ்விரண்டும் ஒரே உரிமத்திற்குள் அடங்கும். எங்கே, எதற்காக, எப்படி எடுத்துச் செல்லலாம் என்பதை உரிமத்தின் நிபந்தனைகளே தீர்மானிக்கின்றன.

இக்கட்டுரை செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நடைமுறையை விளக்குகிறது.

வரலாறு

செங்கல்பட்டுப் பகுதியில் துப்பாக்கிப் பயன்பாட்டை ஆட்சியர் கட்டுப்படுத்தியதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே சான்று உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டு வந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். இவ்வுரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது.

நாடு முழுவதற்குமான கட்டுப்பாடு, வைசிராய் லிட்டன் காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கட்டாயமானது. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இந்தப் பாகுபாடு விடுதலை இயக்கத்தின் குறைகளுள் ஒன்றாயிற்று. 1930இல் காந்தி முன்வைத்த 11 கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் இடம்பெற்றது. 1931ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகக் குறிப்பிட்டது.

ஆனால் விடுதலைக்குப் பின் அந்த உரிமை அரசியலமைப்பில் சேரவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதற்காகக் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. கூட்டம் கூடும் உரிமையை வழங்கும் 19ஆவது பிரிவு, 'அமைதியாகவும் ஆயுதங்கள் இன்றியும்' கூட வேண்டும் என்கிறது. எனவே இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று. சட்டம் வழங்கும் சலுகை மட்டுமே. 2023 பிப்ரவரியில் உரிமமற்ற துப்பாக்கிகள் குறித்துத் தாமாகக் கவனம் செலுத்திய உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது.

உரிமம் வழங்கும் அதிகாரி

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டத்தில் சாதாரண வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வழங்குபவர் மாவட்ட நடுவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் ஆவார். காவல் ஆணையர் நியமிக்கப்பட்டுள்ள பகுதிகளில் 'மாவட்ட நடுவர்' என்ற சொல் காவல் ஆணையரையே குறிக்கும் என்று படைக்கலச் சட்டம் வரையறுக்கிறது. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. ஆகவே வருவாய் மாவட்டம் ஒன்றாக இருந்தாலும், விண்ணப்பதாரரின் வீடு எந்தக் காவல் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

சட்டம் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்டவை, தடைசெய்யப்படாதவை என இரண்டாகப் பிரிக்கிறது. தானியங்கித் துப்பாக்கிகளும், 9 மி.மீ. போன்று படையினரும் காவல் துறையினரும் பயன்படுத்தும் சில அளவுகளும் முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்; பொதுமக்களுக்கு மிக அரிதாகவே கிடைக்கும். .32 ரிவால்வர், .32 பிஸ்டல், 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி போன்றவை இரண்டாம் வகை. தனிநபர்கள் வாங்கும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .32 அளவினவே. கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் அதே அளவுதான்.

தகுதியும் 'தக்க காரணமும்'

விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். துப்பாக்கி சுடும் விளையாட்டுப் பயிற்சிக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு தொடர்பான குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர்கள், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை தகுதியற்றவர்கள். நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்குமாறு உத்தரவிடப்பட்டவர்களுக்கும், மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உரிமம் மறுக்கப்படும்.

தகுதி மட்டும் இருந்தால் போதாது. கைத்துப்பாக்கி கேட்பவர், தமக்கு அது தேவைப்படுவதற்கான தக்க காரணத்தைக் காட்டி அதிகாரியை நிறைவு செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 13ஆவது பிரிவு. உயிருக்கு அச்சுறுத்தல், பெருந்தொகையை எடுத்துச் செல்ல வேண்டிய தொழில் போன்றவை வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். அச்சுறுத்தல் என்றால் காவல் நிலையப் புகார், முதல் தகவல் அறிக்கை, மிரட்டல் கடிதம் போன்ற சான்று கேட்கப்படும். பொதுவான பயமோ வசதியோ அந்தஸ்தோ காரணமாக ஏற்கப்படுவதில்லை. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து உரிமத்தை மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. பணக்காரருக்கு மட்டுமே பாதுகாப்புத் தேவை என்ற பழைய எண்ணத்தை இவ்விதி தடுக்கிறது.

விண்ணப்ப நடைமுறை

1. உரிய படிவத்தில் விண்ணப்பம் அளிக்கப்படுகிறது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றுடன் உடல்நல, மனநல மருத்துவச் சான்றும் இணைக்கப்பட வேண்டும்.

2. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று தேவை. 2016ஆம் ஆண்டு விதிகள் இதை வலியுறுத்துகின்றன.

3. அதிகாரி, விண்ணப்பதாரர் வசிக்கும் பகுதியின் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கிறார். மாமல்லபுரத்தில் வசிப்பவர் என்றால் அங்குள்ள காவல் நிலையம் அவரது முன்னடத்தை, வழக்கு விவரம், அக்கம்பக்கத்தாருடனான பகை, கூறப்பட்ட அச்சுறுத்தலின் உண்மை ஆகியவற்றை விசாரிக்கும்.

4. அறிக்கைகளைப் பார்த்து அதிகாரி உரிமம் வழங்குவார் அல்லது மறுப்பார். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதன் பின்னரும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக வழியுண்டு.

5. உரிமம் பெற்றவரின் விவரம் தேசியத் தரவுத் தளத்தில் பதிவாகி, அவருக்குத் தனி அடையாள எண் வழங்கப்படும். அதன் பிறகே உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் துப்பாக்கி வாங்க முடியும். துப்பாக்கியின் வரிசை எண்ணும் தோட்டாக்களின் அளவும் உரிமத்தில் குறிக்கப்படும்.

2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

சரணாலயத்தைச் சுற்றிய விதி

செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல், கரிக்கிலி ஆகிய பறவைகள் சரணாலயங்கள் உள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. எழுத்துப்பூர்வ அனுமதி இன்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழையவும் கூடாது. பயிர்களைக் காக்க, வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கப் படைக்கலச் சட்டத்தில் இடம் உண்டு. எனினும் மதுராந்தகம் பக்கத்தில் சரணாலயத்தை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. உரிமம் உள்ள துப்பாக்கியால் பறவையைச் சுட்டாலும் அது வேட்டைக் குற்றமே.

அன்றாடம் எடுத்துச் செல்லுதல்

உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த எல்லைக்கு வெளியே கொண்டு செல்வது நிபந்தனை மீறலாகும். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் இடப்பட்டு, முழுதும் மூடப்பட்ட நிலையில், உரிமையாளரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதை வெளியே எடுத்துக் காட்டுவதும், கொண்டாட்டத்திற்காக வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குச் சிறப்பு அனுமதி இன்றித் துப்பாக்கி கொண்டு செல்லக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. இப்பகுதியில் இதன் பொருள் பெரிது. திருக்கழுக்குன்றத்துச் சித்திரைத் தேரோட்டம், மாமல்லபுரத்தின் நாட்டிய விழா, மாசி மகத்தன்று கடற்கரையில் கூடும் இருளர் மக்களின் விழா என ஆண்டு முழுதும் கூட்டம் கூடும் இடங்கள் இவை. வழக்கமாகத் துப்பாக்கியுடன் செல்பவர் இத்தகைய நாட்களில் அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டே வர வேண்டும்.

விமானத்தில் கைப்பையில் துப்பாக்கியோ தோட்டாவோ கொண்டு செல்ல முடியாது. தோட்டாவுக்கும் உரிமம் தேவை என்பதால், பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாகூட விமான நிலையச் சோதனையில் வழக்காக மாறக்கூடும். பொருள் தம்மிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் இவ்வழக்குகளில் முதன்மையான கேள்வி. 1972ஆம் ஆண்டு குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை விளக்கியது.

தேர்தல் காலமும் வாரிசுரிமையும்

தேர்தல் அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற ஆயுதக் கிடங்கிலோ ஒப்படைக்குமாறு உத்தரவிடப்படுகிறது. வங்கிக் காவலர், விளையாட்டு வீரர் போன்றோருக்கு விலக்கு அளிக்கப்படுவது வழக்கம். ஒப்படைத்தவர் ரசீதைப் பத்திரப்படுத்தி, தேர்தல் முடிந்தபின் திரும்பப் பெற வேண்டும்.

உரிமையாளர் இறந்தால் துப்பாக்கி தானாக மகனுக்கோ மகளுக்கோ சேராது. தாத்தாவின் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்று அப்படியே விட்டுவிடுவது சட்டப்படி உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதாகும். வாரிசுகள் அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, வேண்டுமெனில் தம் பெயரில் உரிமம் கோர வேண்டும். உரிமையாளர் 70 வயதை அடைந்தாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிருடன் இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்ற விதிகளில் இடமுண்டு.

தற்காப்பும் தண்டனையும்

உரிமம், சுடுவதற்கான அனுமதி அன்று. சுட்டது சரியா என்பதைத் தற்காப்பு உரிமை பற்றிய சட்டமே முடிவு செய்யும். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. தற்காப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அவ்வுரிமை எழாது. ஓடிப்போகும் திருடனை முதுகில் சுட்டவர் உரிமத்தைக் காட்டித் தப்ப முடியாது.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டவிரோதமாகத் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. நிபந்தனையை மீறினால் உரிமம் இடைநிறுத்தப்படலாம் அல்லது ரத்தாகலாம்.

செங்கல்பட்டு நீதிமன்றமும் எம்.ஜி.ஆர். வழக்கும்

தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கைத்துப்பாக்கி வழக்கு செங்கல்பட்டில்தான் விசாரிக்கப்பட்டது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர். ராதா, எம்.ஜி. ராமச்சந்திரனைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ராதாவுக்கு ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் குரல் நிரந்தரமாக மாறியது. இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள், பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கும்போது ஒரு வாக்குவாதம் எங்கே போய் முடியும் என்பதற்கு இவ்வழக்கு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. விண்ணப்பதாரரின் பகையையும் மனநிலையையும் அதிகாரிகள் விசாரிப்பதன் நோக்கமும் இதுவே.

பிற நாடுகளில்

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் தாங்குவதை உரிமையாக்குகிறது. கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லச் சிறப்புத் தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க் மாநில விதியை 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. இந்தியச் சட்டத்தின் 'தக்க காரணம்' ஏறக்குறைய அதே வகையான நிபந்தனை. இங்கே அது சட்டத்தின் மையமாகவே தொடர்கிறது. சிங்கப்பூரில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது: குற்றம் ஒன்றைச் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால் அங்கு மரண தண்டனை விதிக்கப்படும். ஒரே கருவி ஒரு நாட்டில் உரிமையாகவும், இன்னொரு நாட்டில் நிபந்தனையுடன் கூடிய சலுகையாகவும், மற்றொன்றில் பெரும்பாலும் விலக்கப்பட்ட பொருளாகவும் இருக்கிறது. வெளிநாடு செல்லும் தமிழர்களும் மாமல்லபுரத்துக்கு வரும் அயல்நாட்டவரும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.