வாயுள்ள பிள்ளை பிழைக்குமா?

"அப்பா, வேலையை விட்டுவிட்டேன்" என்று சென்ற ஆண்டு என் மகன் சொன்னபோது என் கையில் பாதிக் காபி இருந்தது. மீதியைக் குடிக்கவில்லை. பெரிய கம்பெனி, நல்ல பதவி. "இனி என்ன செய்வதாக உத்தேசம்?" என்றேன். "மேடையில் நின்று நாலு பேரைச் சிரிக்க வைப்பேன்" என்றான். அடுக்களையிலிருந்து என் மனைவி, "முதலில் உன் அப்பாவைச் சிரிக்க வை, பார்க்கலாம்!" என்றாள்.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் பழகி, ஒரு டிரங்குப் பெட்டியோடு மும்பையில் வந்து இறங்கியவர்கள் நாம். முதல் தேதிச் சம்பளம்தான் நமக்கு ஊர், உறவு எல்லாம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடுவதா என்று நான் கொதித்ததில் வியப்பில்லை.

கோபம் ஆறியபின் விசாரித்தேன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் வளர்ந்த ஆந்திரக் குடும்பத்துப் பிள்ளை ஜானி, அந்நாளைய ஹிந்துஸ்தான் லீவர் ஆலையில் தொழிலாளியாக இருந்தவர். கம்பெனி விழாவில் மேலதிகாரிகளைப் போல் நடித்துக் காட்ட, சக தொழிலாளர்கள் 'ஜானி லீவர்' என்று பெயர் சூட்டினர். ஆனாலும் அவர் மறுநாளே வேலையை உதறவில்லை. மேடை வருமானம் நிலைத்த பிறகே, 1981இல் விலகினார்.

நம்மவர்களும் இருக்கிறார்கள். கிண்டியில் பொறியியல் படித்த கிரேஸி மோகன், வேலையில் இருந்துகொண்டே நாடகம் எழுதி, பின்னர் முழுநேர எழுத்தாளரானார். பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்த பிரவீன்குமார், குடும்ப வாழ்க்கையையே நகைச்சுவையாக்கினார். அவருடைய '36 வயதினிலே' 2018இல் அமேசான் பிரைமில் வந்தது. மென்பொருள் பொறியாளராக இருந்த அலெக்சாண்டர் பாபு, பாட்டையும் சிரிப்பையும் கலந்து தந்த 'அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்' 2019இல் வந்தது.

இந்தத் தொழிலின் உள்விவரம் கேட்டால் சிரிப்பு வராது. புதியவருக்கு மேடையில் கிடைப்பது நாலைந்து நிமிடம். பெரும்பாலும் காசு கிடையாது. அதே துணுக்கைப் பல இரவுகள் சொல்லிப் பார்த்து, சிரிப்பு வராத வரியை வெட்ட வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சி தேறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். கம்பெனி விழாக்களுக்கு அழைப்பு வந்தால்தான் கொஞ்சம் பணம் பார்க்கலாம்.

ஆகவே வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். கம்பெனியோடு போய்விட்ட மருத்துவக் காப்பீட்டைச் சொந்தமாக எடுக்க வேண்டும். தங்கையின் திருமணத்துக்கென்று போட்ட பணத்தைத் தொடக்கூடாது. வீட்டுக் கடன் உள்ள பிள்ளைகள், வேலையிலிருந்தபடியே மாலை நேரங்களில் பழகுவதே உத்தமம்.

சென்ற மாதம் அந்தேரியில் அவன் நிகழ்ச்சிக்குப் போனோம். பாதிக் காபிக் கதையைச் சொன்னான். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இதில் அவன் நிலைப்பானா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அண்டை வீட்டார் "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், இப்போதெல்லாம் பேச்சை மாற்றுவதில்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விழாவில் நம் சங்க மேடையில் இப்படிப்பட்ட இளைஞர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். கூடவே, சிறிதாயினும் ஒரு சன்மானமும் கொடுங்கள்!