தொட்டிக்குக் காவலிருக்கும் கணிப்பொறி

காவிரி நீர் குழாயில் வரும் நேரத்தை நம்பி உறங்கச் சென்றவர் பெங்களூரில் மிகச் சிலரே. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மேடேற்றிக் கொணரப்படும் அந்நீர், பல பேட்டைகளில் ஒருநாள் விட்டு ஒருநாளே திறக்கப்படுகிறது. நள்ளிரவில் வந்தாலும் வரும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றித் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை நம் இல்லத்தரசியர் மறந்திரார்.

ஸ்ரீராமபுரத்தில் நான்கு குடித்தனங்கள் ஒரே நிலத்தடித் தொட்டியை நம்பி வாழும் வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எழுபது வயதைக் கடந்த பாட்டியார்தாம் அங்குத் தண்ணீர்க் காவல். முறைநாளில் விழித்திருந்து, நீர் வந்தவுடன் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்புவார்; அப்போதுதான் கீழே இடம் உண்டாகும். ஓரிரவு இருட்டில் கால் இடறி விழுந்தார். அதன் பின்னரே அவர் மகனும், எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தியும் இவ்வேலையில் இறங்கினர்.

மகன் வாங்கி வந்தது ராஸ்பெர்ரி பை. 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த இச்சிறு கணிப்பொறி சீட்டுக்கட்டு அளவே இருக்கும், லினக்ஸில் இயங்குவது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸுக்கு விலை கிடையாது. மற்ற உறுப்புகள் யாவும் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தன. அத்தெருவில் கிடைக்காதது பொறுமை ஒன்றே என்பது நம் அனுபவம்.

தொட்டியின் மூடிக்கடியில் ஓர் ஒலியுணர்வி தொங்குகிறது. நம் செவிக்கு எட்டாத ஒலியை அது கீழே அனுப்பும். நீரில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணிப்பொறி அளக்கும். நூற்றில் ஒரு பங்கு வினாடியானால் நீர்மட்டம் ஏறத்தாழ 1.7 மீட்டர் கீழே உள்ளது என்று பொருள். மட்டம் உயரத் தொடங்கினால் நீர் வந்துவிட்டது!

எல்லாம் எளிதில் முடிந்துவிடவில்லை. உணர்வி 5 வோல்ட்டில் விடை அனுப்பும், பலகையோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இதனை அறியாமல் நேரே இணைத்ததில் முதற்பலகை பாழாயிற்று. 1,000 ஓம், 2,000 ஓம் தடைகள் இரண்டை இடையில் வைத்திருந்தால் போதும். சில ரூபாய்ச் செலவு. அடுத்து, ஈரத்தால் உணர்வியே கெட்டது. கார்களின் பின்புறம் பொருத்தும் நீர்புகா வகையை மாட்டினார்கள். அது மிக அண்மையிலுள்ளதை அளக்காதாதலால், நிறைமட்டத்திற்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டுள்ளனர். மோட்டார் விசையை மட்டும் கணிப்பொறியிடம் ஒப்படைக்கவில்லை. ஈரமும் 230 வோல்ட் மின்சாரமும் சேருமிடத்தில் இது நல்ல முடிவென்றே கருதுகிறோம்.

செய்தியை யார் சொல்வது? பாட்டியாருக்குக் கைப்பேசியில் எழுத்துப் படிக்க வராது. பேசும் லினக்ஸ் பொறி இந்நகருக்குப் புதிதன்று. இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கி, 2004இல் விற்பனைக்கு வந்த சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறி, எழுத்தறியாதோருக்கும் பயன்பட வேண்டுமென்று இந்திய மொழிகளில் பேசவும் திட்டமிடப்பட்டது. எதிர்பார்த்தபடி அது விற்கவில்லை. அந்த எண்ணம் பழுதானதன்று. இன்று ஈஸ்பீக் என்னும் இலவச மென்பொருள் தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படிக்கிறது.

பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பேத்தி, அதற்காகத் தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, “தண்ணீர் வந்துவிட்டது” என்று அடித்தாள். ஈரெழுத்து பிழை, தந்தை திருத்தினார். பொறி உரக்கப் படித்தது. பாட்டியார் முகஞ்சுளித்து, “யாரடி இது, மூக்கடைத்தவன் போல? நீயே சொல்லேன்” என்றாராம்.

இப்போது முறைநாளில் பாட்டியார் உறங்குகிறார். நாம் தங்கியிருந்த இரவு, மணி இரண்டு நாற்பதுக்கு, அலமாரி மேலிருந்து சிறுமியின் குரல் எழுந்தது: “ஆயா, தண்ணி வந்துடுச்சு, எழுந்திரு!” பாட்டியார் எழுந்து, “வந்துட்டேன்டி கண்ணு” என்று விடை கூறியபடியே விளக்கைப் போட்டார்.