தோட்டாத் தேர்வும் குறியின் செம்மையும்

குறிபார்த்துச் சுடுதல் கைத்திறனும் மனவொடுக்கமும் ஒருங்கே வேண்டப்படும் விளையாட்டாகும். எனினும், சுடுவோனின் திறமை எத்துணைச் சிறந்ததாயினும், தோட்டாவின் ஒழுங்கின்மையை அது ஈடுசெய்ய மாட்டாது. ஐம்பது மீற்றர் துப்பாக்கிப் போட்டியின் குறித்தாளிற் பத்தாம் வட்டம் 10.4 மில்லிமீற்றர் விட்டமே உடையது. 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற் படுத்துச் சுடும் போட்டியில், இந்திய வீரர் ஜோய்தீப் கர்மாக்கர் 699.1 புள்ளி பெற்றும், 1.9 புள்ளி குறைவால் வெண்கலப் பதக்கத்தை இழந்து நான்காம் இடத்தில் நின்றார். இத்துணைச் சிறு வேறுபாடு வெற்றியை வகுக்குமிடத்து, தோட்டாக்களை அளந்து தரம்பிரித்தாற் பயன் உண்டோ என்னும் வினா எழுதல் இயல்பே.

இப்போட்டிக்குரிய 0.22 அங்குலத் தோட்டாவில், தீமூட்டும் மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பினுள்ளே அமைந்துள்ளது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்க, அது தீப்பற்றி வெடிமருந்தை எரிக்கும்; எழும் வாயு ஈயக்குண்டை உந்தும். பெருந்துப்பாக்கிக்குரிய கூடுகளைப் போல இதனை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துதல் வழக்கமன்று. தோட்டாவைப் பிரித்துத் திருத்த முயல்வது பேராபத்தாகும். ஆதலின் சுடுவோனுக்கு எஞ்சியது தெரிந்தெடுத்தல் ஒன்றே.

குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 325 மீற்றர் வேகத்தில் வெளிப்படும். ஐம்பது மீற்றரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் அது சிறிது தாழும். காற்றின் தடையை விடுத்துக் கணித்தால், வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் குறைந்த குண்டு ஏனையவற்றினும் 7 அல்லது 8 மில்லிமீற்றர் தாழ்வாகப் படும். பத்தாம் வட்டத்தின் அளவை நோக்க இது சிறிதன்று.

தரம்பிரிப்போர் பெரிதும் கையாளும் முறைகள் இரண்டு. முதலாவது, விளிம்பின் தடிப்பை நூறிலொரு மில்லிமீற்றர் நுட்பமாக அளத்தல். விளிம்பு மெலிந்திருப்பின் தோட்டா தன் அறையிற் சற்றே அசையும். ஊசியின் அடியில் ஒரு பகுதி வீணாகும். தீப்பற்றல் ஒருசீராக நிகழாது. இரண்டாவது, நிறுத்தல். இதிலோர் இடர் உண்டு. குண்டின் நிறை ஏறத்தாழ 2.6 கிராம், வெடிமருந்தோ ஒரு கிராமிற் பத்திலொரு பங்கை எட்டுதலும் அரிது. தராசு காட்டும் வேறுபாடு குண்டினதோ, கூட்டினதோ, மருந்தினதோ என்பதைத் தராசு கூறாது.

பசறையிலுள்ளார்க்கு இவ்வுண்மை தேயிலைத் தொழிற்சாலையிலேயே விளங்கும். சல்லடை இலையைப் பருமனால் வகுக்கும், சுவையை வகுக்காது. ஊவாவின் வறண்ட காற்று வீசும் யூலை முதற் செப்டெம்பர் வரையிலான பருவத்தில் விளையும் நறுமணத்தை எந்தச் சல்லடையும் உண்டாக்கியதில்லை. அதனாலன்றோ கொழும்பு ஏலத்திற்குச் செல்லும் தேயிலையைச் சுவைஞர் தொகுதி தொகுதியாக வடித்துச் சுவைத்து மதிப்பிடுகின்றனர்!

தோட்டாவிற்கும் அத்தகைய சுவைஞர் உண்டு. அது துப்பாக்கியின் குழலே. ஒரே பெயருடைய தோட்டாக்களும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஒரு குழலுக்கு இசைந்தது மற்றொன்றிற்கு இசையாது. ஈலி, லாப்புவா முதலிய நிறுவனங்கள் நடத்தும் சோதனைக்கூடங்களில், வீரர் தம் துப்பாக்கியைத் தாங்கியிற் பொருத்திப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, மிக நெருங்கிய குழுக்களைத் தரும் தொகுதியை வாங்குகின்றனர். தொகுதித் தேர்வே முதன்மையானது. தரம்பிரித்தல் அதற்குப் பின்னர் வருவது.

தரம்பிரித்தல் பயன் தந்ததா என அறிய விழைவோர், ஒரே தொகுதியிற் பிரித்தவற்றையும் பிரியாதவற்றையும் ஒரே நாளில், தாங்கியில் வைத்து, மாறிமாறிப் பத்துப்பத்தாகப் பலமுறை சுடுதல் வேண்டும். விலகிய குண்டு எதனையும் கணக்கினின்று நீக்குதல் கூடாது. ஐந்து குண்டுகள் ஒருமுறை நெருங்கி விழுந்தமை சான்றாகாது. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

தரம்பிரித்தல் தாழ்ந்த தோட்டாவை உயர்ந்ததாக்காது. இனத்தினின்றும் வேறுபட்டதை விலக்கவே உதவும். விலக்கியவையும் வீணல்ல, பயிற்சிக்குப் பயன்படும். அளத்தற்கு எளிதானதை அளந்தமையால் மட்டும் அறியவேண்டியதை அறிந்தோராக மாட்டோம். இறுதித் தீர்ப்புக் குறித்தாளினதே.