மைதானத்துக்கு வராத மாணவர்கள்

பல்கலைக்கழகங்கள் பெரும் பொருட்செலவில் உடற்பயிற்சிக் கூடங்களையும் நீச்சல் குளங்களையும் அமைத்தாலும், மாணவர்களில் பலர் படிப்பு முடியும்வரை அவற்றின் பக்கம் வருவதேயில்லை. இதைச் சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஓய்வுநேர நடவடிக்கைகளை ஆராயும் அறிஞர்கள், விலகி நிற்பவர்களுக்குள்ளும் விருப்பம் இருக்கக்கூடும் என்றும், அந்த விருப்பம் எங்கே தடைபடுகிறது என்பதே ஆராயத்தக்கது என்றும் கருதுகின்றனர்.

வயதுவந்தோர் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. 2022இல் உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பள்ளியில் கால அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்த உடற்கல்வி வகுப்பு நின்றுபோய், இனி விளையாடுவதா வேண்டாமா என்பதைத் தாமே முடிவுசெய்யும் பருவத்தில் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதால், அவர்களின் தடைகளைப் பற்றிய ஆய்வுகள் தனி முக்கியத்துவம் பெறுகின்றன.

அமெரிக்க ஆய்வாளர்கள் டுவேன் கிராஃபோர்டும் ஜெஃப்ரி காட்பியும் 1987இல் குடும்பங்களின் ஓய்வுநேரம் குறித்து எழுதிய கட்டுரையில் தடைகளை மூன்றாகப் பகுத்தனர். கூச்சம், தன்னம்பிக்கைக் குறைவு போன்று ஒருவரின் மனத்துக்குள் எழுபவை அகத்தடைகள். சேர்ந்து விளையாடத் துணையில்லாமை போன்றவை உறவுசார் தடைகள். நேரம், கட்டணம், தொலைவு, விதிகள் ஆகியவை கட்டமைப்புத் தடைகள். எட்கர் ஜாக்சனுடன் இணைந்து 1991இல் இதை விரிவாக்கிய அவர்கள், அகத்தடையைக் கடந்தவரே அடுத்தடுத்த தடைகளைச் சந்திக்கும் நிலைக்கு வருகிறார் என்று விளக்கினர். தடை இருந்தும் நேரத்தை மாற்றியோ செலவைச் சுருக்கியோ பங்கேற்பவர்களும் உண்டு என்பதை 1993இல் மூவரும் சுட்டிக்காட்டினர்.

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் இம்மூன்று தடைகளையும் தெளிவாகக் காணலாம். அங்கே புதன்கிழமைப் பிற்பகலை விளையாட்டுக்கு ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளும் பெரும்பாலும் அன்றே நடைபெறுகின்றன. ஆனால் மருத்துவமனையில் முழுநேரப் பயிற்சிப் பணியில் இருக்கும் செவிலியர் மாணவிக்கும், பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவருக்கும், தொலைவிலுள்ள வீட்டிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் மாணவருக்கும் அந்தப் பிற்பகல் ஓய்வாக வாய்ப்பதில்லை. கழக உறுப்பினர் கட்டணம், கூடத்துக்கான கட்டணம், சீருடை, பயணம் என்று செலவு அடுக்கடுக்காக ஏறுவதோடு, ஆட்டம் முடிந்தபின் மதுவை மையமாகக் கொண்டு நடக்கும் கூடல்கள் மது அருந்தாதவர்களை ஒதுங்கச் செய்கின்றன. பிறர் தம் உடலைப் பார்த்து எடைபோடுவார்களோ என்ற அச்சமே பெண்கள் பலரைத் தடுக்கிறது என்பதை உணர்ந்த ‘ஸ்போர்ட் இங்கிலாந்து’ அமைப்பு, அதைப் போக்க 2015இல் நாடு தழுவிய பரப்புரையைத் தொடங்கியது. விதிகளே தடையாவதும் உண்டு: தலையை மறைக்கும் துணியுடன் விளையாடக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2014இலும், கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2017இலும்தான் அனுமதி வழங்கின.

இத்தகைய தடைகளைக் கண்டறிவதில் ஆய்வு முறையே பெரும் பங்கு வகிக்கிறது. விளையாட்டு மையத்தின் வாசலில் நின்று கருத்துக் கேட்டால், வந்தவர்களின் குரல் மட்டுமே பதிவாகும்; இதை ஆய்வாளர்கள் தேர்வுச் சார்பு என்பர். ஆகவே நூலகத்திலும் உணவகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் மாணவர்களைச் சந்திப்பது இன்றியமையாதது. கேள்விப் பட்டியலில் ‘நேரமில்லை’ என்ற கட்டத்தையே மாணவர்கள் அதிகம் குறிக்கின்றனர். அந்த ஒற்றை விடைக்குப் பின்னால் வேலைச் சுமை, பணத் தட்டுப்பாடு, தெரியாதவர்கள் நடுவே தடுமாறிவிடுவோமோ என்ற தயக்கம் ஆகியவற்றில் எது இருக்கிறது என்பதை நிதானமான நேர்காணலும் சிறு குழு உரையாடலுமே வெளிக்கொணரும்.

இவ்வாறு திரட்டப்பட்டவை அறிக்கையோடு நின்றுவிடாமல், கால அட்டவணையிலும் கட்டணப் பட்டியலிலும் தொடக்கநிலையாளர்களுக்கான வகுப்புகளிலும் மாற்றங்களாக வெளிப்பட வேண்டும். புதிய கட்டடத்துக்கு நிதி ஒதுக்குவதற்கு முன், இருக்கும் கட்டடத்துக்குள் இதுவரை வராதவர்களிடம் காரணம் கேட்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கடமையாகக் கொள்ள வேண்டும்.