பிரேக்கை உடைச்சு வளரும் பருத்தி

(எபிசோடின் எழுத்து வடிவம், சுருக்கித் திருத்தப்பட்டது)

நான் பேசறது சோமனூர்ல இருந்து. எங்க ஊர்ல எந்தத் தெருவுல நடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அந்தத் தறியில ஓடற நூலுக்கு ஒரு தரம் இருக்கு. பஞ்சு இழை நீளமா இருந்தா மெல்லிய, உறுதியான நூல் வரும். குட்டையா இருந்தா தடிச்ச நூல்தான். பஞ்சுக்குக் கிடைக்கற விலையும் அதைப் பொறுத்துத்தான். சரி, இழை எவ்வளவு நீளம்னு செடிக்குள்ள யார் முடிவு பண்றாங்க? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ஸ்டிக்கர் ஒட்டற வேலை

திருப்பூர் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளைப் பார்த்திருப்பீங்க. பழுதான பீஸ்ல ஸ்டிக்கர் ஒட்டித் தனியா ஒதுக்குவாங்க. செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு ஸ்டிக்கர் உண்டு. பேரு யூபிக்விட்டின். இது வரிசையா ஒட்டின புரதம் புரோட்டியசோம்ங்கற அரவை மெஷினுக்குப் போய்த் துண்டு துண்டாகிடும். இதைக் கண்டுபிடிச்ச சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூணு பேருக்கும் 2004-ல வேதியியல் நோபல் கிடைச்சது.

ஆனா ஒரு வித்தியாசம். செல்லு பழுதான புரதத்தை மட்டும் அழிக்கல. நல்லா வேலை செய்யற புரதத்தையும், "உன் வேலை முடிஞ்சது, கிளம்பு"ன்னு வேணும்னே அனுப்புது. எதுல ஸ்டிக்கர் ஒட்டணும்னு ஆள் பார்த்து எடுக்கறது எஃப்-பாக்ஸ்ங்கற புரதக் குடும்பம். அதுக்கான ஜீன் மனுஷன்கிட்ட 70 அளவுலதான் இருக்கு. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தற அராபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடியில சுமார் 700! நமக்கு வெயில் அடிச்சா நிழலுக்கு ஓடலாம். செடி நின்ன இடத்துலயே சமாளிச்சாகணும். அதுக்கு இந்த வழி ரொம்பக் கைகொடுக்குது.

இழை எப்படி நீளுது?

ஒரு பஞ்சு இழைங்கறது ஒரே ஒரு செல். விதையோட மேல்தோல்ல இருந்து, பூ மலர்ற நாள்லயே கிளம்பி, சுமார் மூணு வாரம் நீண்டுக்கிட்டே போகும். நல்ல ரகத்துல 3 சென்டிமீட்டரைத் தாண்டும். அகலத்தோட ஒப்பிட்டா ஆயிரம் மடங்குக்கும் மேல நீளம்.

இதை நீள வைக்கற ஒரு முக்கியமான புரதத்தை, டெல்லா வகைப் புரதம் ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கும். அதுதான் பிரேக். ஜிப்ரெலின்ங்கற ஹார்மோன் வந்ததும் டெல்லா மேல ஸ்டிக்கர் விழுது, அரவைக்குப் போகுது, இழை நீளுது. பருத்தியில இது இப்படித்தான் நடக்குதுன்னு 2014-ல சீன விஞ்ஞானிகள் காட்டினாங்க. கவனிங்க, செடி இங்க ஆக்சிலேட்டரை மிதிக்கல. பிரேக்கைக் கழட்டி எறியுது.

உப்பு வந்தா?

அப்போ பிரேக்கே இல்லாத செடிதானே பெஸ்ட்? இல்லைங்க.

2006-ல அராபிடாப்சிஸ்ல ஒரு சோதனை வெளியாச்சு. உப்பு ஏறினா ஜிப்ரெலின் குறையுது, டெல்லா அழியாம சேருது, செடி வளர்ச்சியை நிறுத்திட்டு உயிரைக் காப்பாத்தப் பார்க்குது. டெல்லா புரதங்கள் பெரும்பாலும் இல்லாத செடிகள் உப்புலயும் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு, ஆனா அதிகமா செத்துப்போச்சு.

உப்புன்னதும் நம்ம பகுதிக்கு நொய்யல்தான் ஞாபகம் வரும். திருப்பூர் சாயக் கழிவோட உப்பு ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி, கீழ்ப்பகுதி வயல்களையும் கிணறுகளையும் கெடுத்துச்சு. 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. உப்பு தண்ணியை உறிஞ்ச விடாது, அதிகமானா செல்லுக்கே விஷம். அதோட, செடியும் தானா வளர்ச்சியை இறுக்கிப் பிடிக்கும். அதனால உப்பு வயல்ல குட்டையா நிக்கற செடியைச் சோம்பேறின்னு நினைக்காதீங்க. அது பிழைக்கறதுக்காக வளராம நிக்குது.

பிரேக் மொத்தமா போனா?

இதுக்கு நேர் எதிரான கேஸ் 2,4-டி களைக்கொல்லி. ஆக்சின்ங்கற இன்னொரு ஹார்மோன் மாதிரி நடிக்கற மருந்து. ஆக்சினுக்கான பிரேக் புரதங்களை எஃப்-பாக்ஸோட பசை மாதிரி ஒட்ட வெச்சு, ஓயாம அழிக்க வைக்குது. அகன்ற இலைக் களைகள் தாறுமாறா முறுக்கி வளர்ந்தே சாகும். மக்காச்சோளம் அதை வேகமா செயலிழக்கப் பண்ணித் தப்பிச்சிடும். பருத்தியால முடியாது. பக்கத்துக் காட்டுல அடிச்சது காத்துல வந்தாலே, சரியா கழுவாத ஸ்ப்ரேயர்ல மிச்சம் இருந்தாலே போதும், இலை வெண்டை இலை மாதிரி பிளந்து விரல் விரலா சுருங்கும். காய்ப்பும் அடி வாங்கும். அதனால பருத்திக்குன்னு தனி ஸ்ப்ரேயர் வெச்சுக்கறதுதான் பாதுகாப்பு.

ஆக, நல்ல விளைச்சல்ங்கறது வேகத்துல மட்டும் இல்லை. எந்தப் பிரேக்கை எப்போ எடுக்கணும், எப்போ விடணும்ங்கற கணக்குல இருக்கு. உங்க சட்டையோட ஒவ்வொரு இழைக்குள்ளயும் அந்தக் கணக்கு ஒரு தடவை நடந்து முடிஞ்சிருக்கு.

கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!